ஏழை சொல் அம்பலம் ஏற வழிச்செலவு வேண்டும்

(பேராக் தோட்டக் கிளை ஒன்றின் பொதுக்கூட்டத்தில், ‘சாட்சி நிதி’ தீர்மானத்தை முன்மொழிந்து ஆற்றிய உரை)



கிளைக் கமிட்டியின் சார்பில் இன்று ஒரு தீர்மானத்தை உங்கள் முன் வைக்கிறோம். ஆளுக்கு மாதம் ஒரு வெள்ளி சேர்த்து, ‘சாட்சி நிதி’ என்று தனிக் கணக்கு ஒன்று தொடங்க வேண்டும் என்பதே தீர்மானம். “சம்பளப் பேச்சு கிடக்கிறது, வீட்டுப் பிரச்சினை கிடக்கிறது, இதற்கு நடுவில் சாட்சிக்கு எதற்கு நிதி?” என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் எழுந்திருக்கிறோம்.

ஏழை சொல் அம்பலம் ஏறாது என்று பெரியவர்கள் சொன்னார்கள். ஏன் ஏறாது? ஏழைக்கு வாயில்லையா? இருக்கிறது. கண்டதைக் கண்டபடி சொல்லத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் அம்பலம் தூரத்தில் இருக்கிறது. அங்கே போய்ச் சேரக் கையில் காசில்லை. போனால் அன்றைய பெரட்டில் பெயர் விழாது. செக்ரோலில் அந்த நாள் வெறுமையாக நிற்கும். வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். ஆகவே உண்மையைக் கண்ட மனிதன் மரத்தடியிலேயே நின்று விடுகிறான். பொய்யோ காரில் ஏறிக் கோர்ட்டுக்குப் போய்விடுகிறது.

இதைச் சட்டமும் அறியும். உள்நாட்டுச் சிவில் வழக்கில் ஒருவரைச் சாட்சிக்கு அழைத்துச் சம்மன் கொடுத்தால், போய்வரும் செலவுக்கு நியாயமான தொகையை அழைத்த கட்சியே கொடுக்க வேண்டும். அதற்கு வழிச்செலவுப் பணம் என்று பெயர். அழைத்தவன் எவனோ அவன் கொடுக்க வேண்டும் என்பது பழைய, நல்ல விதி. சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ கோர்ட்டுக்குப் போகிற சாட்சிக்கு இந்த விதி போதும்.

கடல் கடந்தால் கதை வேறு. ஒரு நாட்டுக் கோர்ட்டின் சம்மன் பொதுவாக இன்னொரு நாட்டில் செல்லாது. வெளிநாட்டில் சாட்சி சொல்லப் போகிறவர் பெரும்பாலும் தம் சம்மதத்தின் பேரில்தான் போக முடியும். குற்ற வழக்குகளில் இதற்கென்று நம் நாட்டில் 2002 ஆம் ஆண்டில் பரஸ்பர உதவிச் சட்டம் ஒன்று வந்தது. வெளிநாட்டு அரசாங்கம் கேட்டால், சாட்சி சம்மதித்தால், போன இடத்தில் பழைய விவகாரத்தைக் கிளறி அவரைப் பிடித்து வைக்கமாட்டோம், பத்திரமாகத் திருப்பி அனுப்புவோம் என்று அந்த நாடு உறுதி கொடுத்தால், அரசாங்கத் தலைமை வழக்கறிஞர் பிரயாணத்துக்கு ஏற்பாடு செய்யலாம். நல்ல சட்டம்தான். ஆனால் அது அரசாங்கமும் அரசாங்கமும் பேசிக்கொள்ளும் சட்டம். எதிர்த்தரப்பில் நிற்பது ஓர் அரசாங்கமாகவே இருந்தால் சாட்சிக்கு யார் டிக்கெட் எடுப்பார்? இதுதான் இன்று நாம் யோசிக்க வேண்டிய விஷயம்.

தோழர்களே! அரசாங்கம் மனம் வைத்தால் எந்தச் சாட்சியையும் எங்கிருந்தும் கொண்டுவர முடியும். அதற்கு நம் வீட்டுக் கிழவர்கள் அறிந்த உதாரணம் ஒன்று உண்டு.

1945 நவம்பர் 5 ஆம் தேதி டில்லிச் செங்கோட்டையில் இந்திய தேசிய ராணுவ வழக்கு தொடங்கியது. ஷா நவாஸ் கான், பிரேம் குமார் சேகல், குர்பக்ஷ் சிங் தில்லான் ஆகிய மூன்று அதிகாரிகள் குற்றவாளிக் கூண்டில் நின்றார்கள். சக்கரவர்த்தியை எதிர்த்துப் போர் செய்தார்கள் என்பது முக்கியக் குற்றச்சாட்டு. அந்த ராணுவத்தில் மலாயாத் தோட்டங்களிலிருந்து போனவர்கள் எத்தனை பேர் என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஜான்சி ராணிப் படையில் சேர்ந்த பால்மரத்துப் பெண்களை நம் லயங்களில் இன்றும் பெயர் சொல்லிப் பேசுகிறோம்.

மூவருக்காகவும் வாதாடியவர் புலாபாய் தேசாய். சிங்கப்பூரில் 1943 அக்டோபர் 21 இல் பிரகடனமான இடைக்கால அரசாங்கம் வெறும் பெயர்ப்பலகை அல்ல, அதற்கென்று மந்திரிகளும் பணமும் படையும் இருந்தன, வெளிநாடுகள் அதை ஓர் அரசாங்கமாக அங்கீகரித்தன என்று அவர் நிரூபிக்க வேண்டியிருந்தது. அதைச் சொல்லக் கூடியவர்கள் எங்கே இருந்தார்கள்? டோக்கியோவில். அப்போது ஜப்பான் தோற்று, அந்நியப் படை பிடித்திருந்த நாடு. அங்கிருந்து தனி மனிதன் சொந்தச் செலவில் கிளம்பி வருவது ஆகாத காரியம்.

இருந்தும் சாட்சிகள் வந்தார்கள். சர்க்கார் ஏற்பாட்டில் ஆகாய விமானத்தில் வந்தார்கள். இடைக்கால அரசாங்கத்தில் பிரசார மந்திரியாக இருந்த நம் தமிழர் எஸ். ஏ. ஐயர் டோக்கியோவிலிருந்து டில்லிக்குக் கொண்டுவரப்பட்டார். ஜப்பானிய வெளிநாட்டு இலாகாவைச் சேர்ந்த மட்சுமோட்டோ, சவாடா, ஓட்டா, ஹாச்சியா ஆகியோரும் ராணுவ அதிகாரி கடகுராவும் வந்து கூண்டில் ஏறினார்கள். ஜப்பான் சரணடைந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. நேற்றுவரை எதிரி நாடு. குற்றஞ்சாட்டப்பட்டவர்களோ சர்க்காரின் கண்ணில் ராஜத்துரோகிகள். அவர்கள் தரப்புச் சாட்சிகளுக்கு அதே சர்க்கார் வழி செய்து கொடுத்தது! ஏன்? இந்தியா முழுவதும் அந்த வழக்கைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தது. சாட்சி இல்லாமல் தீர்ப்புச் சொன்னால் ஊர் ஒப்புக்கொள்ளாது என்று சர்க்காருக்குத் தெரிந்திருந்தது. மூவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டாலும், 1946 ஜனவரி 3 இல் படைத்தலைவர் ஆக்கின்லெக் அதை ரத்துச் செய்து விடுதலை செய்தார். ஐயர் 1951 இல் நேதாஜியைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். அதன் பெயரிலேயே ‘சாட்சி’ என்ற சொல் இருக்கிறது.

இப்போது இன்னொரு வழக்கைப் பாருங்கள். இது நம் தொழில் செய்தவர்களின் வழக்கு. தஞ்சோங் மாலிமைத் தாண்டிச் சிலாங்கூருக்குள் போனால் வருகிற பத்தாங் காலியில், சுங்கை ரெமோக் ரப்பர் தோட்டத்தில் நடந்தது.

1948 ஜூன் 16 இல் நம் சுங்கை சிப்புட்டில் மூன்று துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டு, அவசரகாலம் பிறந்தது நீங்கள் அறிந்ததே. அதற்கு ஆறு மாதம் கழித்து, டிசம்பர் 11 ஆம் தேதி, ஸ்காட்ஸ் கார்ட்ஸ் என்ற பிரிட்டிஷ் பட்டாளத்தின் ரோந்துப் படை ஒன்று அந்தத் தோட்டக் குடியிருப்புக்குள் நுழைந்தது. அங்கே இருந்தவர்கள் சீனத் தொழிலாளர் குடும்பங்கள். கையில் ஆயுதம் இல்லாதவர்கள். ஆண்கள் தனியாகவும் பெண்கள், பிள்ளைகள் தனியாகவும் பிரிக்கப்பட்டார்கள். அன்று மாலை ஓர் இளைஞனும், மறுநாள் 12 ஆம் தேதி 23 ஆண்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பெண்களையும் பிள்ளைகளையும் லாரியில் ஏற்றி அனுப்பினார்கள். வீடுகள் கொளுத்தப்பட்டன. மயங்கி விழுந்த ஒரே ஒரு ஆண் மட்டும் உயிர் பிழைத்தார்.

தப்பி ஓடப் பார்த்தார்கள், அதனால் சுட்டோம் என்று பட்டாளம் சொன்னது. அரசாங்கம் அதை ஏற்றுக்கொண்டது. லாரியில் ஏறிப்போன பெண்கள் கண்ணால் கண்டவர்கள். அவர்கள் இருந்த இடம் கோலாலம்பூரிலிருந்து ஒரு நாளில் போய்வரக்கூடிய தூரம். அப்படியும் அன்றைய விசாரணை அவர்கள் சொல்லைத் தேடிப் போகவில்லை.

இருபத்தொரு வருஷம் கழிந்தது. 1970 பிப்ரவரியில் லண்டன் பத்திரிகை ஒன்று அந்த விஷயத்தை வெளியிட்டது. அந்தப் பட்டாளத்தில் இருந்த சிலரே, கட்டளையின் பேரில் கொன்றோம் என்று பிரமாண வாக்குமூலம் கொடுத்திருந்தார்கள். பாதுகாப்பு மந்திரி டெனிஸ் ஹீலி விசாரணைக்கு வழி செய்தார். ஃபிராங்க் வில்லியம்ஸ் என்ற லண்டன் போலீஸ் அதிகாரி சிப்பாய்களை விசாரித்தார். அடுத்த கட்டமாக மலேசியாவுக்கு வந்து, உயிரோடிருக்கும் சாட்சிகளைக் காண்பதாகத் திட்டம். அந்த ஜூன் மாதம் பிரிட்டனில் தேர்தல் நடந்து ஆட்சி மாறியது. சில வாரத்தில் விசாரணை நின்றது. போதிய சாட்சியம் கிடைக்காது என்று காரணம் சொன்னார்கள். சாட்சிகளைப் பார்க்கப் போகாமலே சாட்சியம் கிடைக்காது என்று முடிவு கட்டினார்கள்! அரசியல் மாற்றமே காரணம் என்று அந்த அதிகாரி தம் அறிக்கையில் எழுதி வைத்தார்.

தோழர்களே, 1945 இல் டோக்கியோவிலிருந்து டில்லிக்குச் சாட்சியைக் கொண்டுவர விமானம் கிடைத்தது. 1970 இல் லண்டனிலிருந்து உலு சிலாங்கூருக்கு ஓர் அதிகாரி வர விமானம் கிடைக்கவில்லை. தூரமா காரணம்? காசா காரணம்? இரண்டும் இல்லை. சொல்லப் போகிற வார்த்தை வேண்டாத வார்த்தையாக இருந்தால் பிரயாணம் நின்றுவிடும். இதைத்தான் நாம் மனதில் பதித்துக்கொள்ள வேண்டும்.

பிறகு 1993 இல் உயிரோடிருந்தவர்கள் நம் நாட்டுப் போலீசில் புகார் கொடுத்தார்கள். வாக்குமூலங்கள் பதிவாயின. பிரிட்டனில் இருந்த சிப்பாய்களை நேரில் விசாரிக்காமலே 1997 இல் அந்தக் கோப்பும் மூடப்பட்டது. 2008 இல் குடும்பங்கள் ஒரு கமிட்டி அமைத்து, மகாராணியாருக்கு மனுக் கொடுத்து, லண்டன் வக்கீல்களைப் பிடித்தார்கள். 2012 மே மாதம் லண்டன் உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தபோது உறவினர்கள் சிலர் வயதான காலத்தில் விமானம் ஏறிப் போனார்கள். அன்று வாதம் எழுத்து ஆவணங்களை வைத்தே நடந்தது. கொலையை நேரில் கண்டு, வாக்குமூலம் கொடுத்திருந்த ஓர் அம்மா அந்த நாளைக் காணவில்லை. சம்பவத்தின்போது அவருக்கு 17 வயது. 2010 ஏப்ரலில் 78 வயதில் காலமானார்.

வேண்டுமென்றே கொன்றதற்குச் சாட்சியம் உண்டு என்று கோர்ட்டு சொன்னது. ஆனால் புது விசாரணைக்கு உத்தரவிட முடியாது என்றும் சொன்னது. 2015 நவம்பர் 25 இல் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றத்தில் ஐந்து நீதிபதிகளில் நால்வர் அதையே உறுதி செய்தார்கள். விசாரணை வேண்டும் என்று நின்றவர் ஹேல் என்ற பெண் நீதிபதி ஒருவர்தாம். 2018 இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் வழக்கை ஏற்க மறுத்தது. காலம் கடந்துவிட்டது என்பதே எங்கும் கேட்ட பல்லவி. காலத்தைக் கடத்தியது யார்? அதைக் கேட்பார் இல்லை.

ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். இறந்துபோன அந்த அம்மாவின் வார்த்தை லண்டன் வரை போனது. எப்படிப் போனது? அவர் இருக்கும்போதே அதைப் பதிவு செய்து வைத்தார்கள். எழுத்துக்குப் பாஸ்போர்ட் வேண்டாம், சாப்பாட்டுச் செலவு வேண்டாம். ஆனால் எழுத்தைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது. அதனால் நேரில் சொன்ன வார்த்தைக்கு உள்ள எடை அதற்கு வராது. இரண்டும் வேண்டும். முதலில் எழுத்து, பிறகு பிரயாணம்.

சாதாரண ஜனங்களால் இதெல்லாம் ஆகுமா என்று மலைக்க வேண்டாம். நம் ஈப்போ கோர்ட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். லகாட்டுக்கு அருகே புக்கிட் மேராவில் ஏஷியன் ரேர் எர்த் ஆலையின் கதிரியக்கக் கழிவை எதிர்த்து, ஊர்க்காரர்கள் எட்டுப் பேர் 1985 இல் வழக்குப் போட்டார்கள். 1987 செப்டம்பரில் விசாரணை தொடங்கியபோது கம்பெனியிடம் நிபுணர்கள் இருந்தார்கள். ஊர்ஜனங்கள் சளைக்கவில்லை. கனடாவிலிருந்து ரோசலி பெர்டெல் போன்ற விஞ்ஞானிகள் கடல் கடந்து வந்து அவர்கள் பக்கம் சாட்சி சொன்னார்கள். 1992 ஜூலை 11 இல் ஆலையை நிறுத்தும்படி தீர்ப்பு வந்தது. 1993 டிசம்பரில் மேல் கோர்ட்டு அதை மாற்றினாலும், ஆலை நிலைக்கவில்லை. 1994 இல் மூடப்பட்டது. அந்த ஊரார் நம்மைப் போன்ற உழைப்பாளிகள்தாம். சாட்சி வருவதற்கு முன்பே வழி செய்து வைத்தார்கள்.

சரி, நம் நிதி எப்படி நடக்கும்? கமிட்டி யோசித்ததைச் சொல்கிறோம்.

முதலாவது, வாக்குமூலம். எந்த விபத்தோ அநியாயமோ நடந்தாலும், கண்டவர் சொல்வதை அந்த வாரத்திலேயே அவர் பேசுகிற பாஷையில் எழுதி, அவருக்கே வாசித்துக் காட்டி, 1960 ஆம் ஆண்டுச் சத்தியப் பிரமாணச் சட்டப்படி ஆணையர் முன்னிலையில் கையெழுத்தோ கைநாட்டோ வாங்க வேண்டும். கிராணிமார்களே, இது உங்கள் வேலை. செக்ரோலில் ஒரு நாளைத் தவறவிடாத கை, மனிதன் சொல்லைத் தவறவிடலாமா? எழுதும்போது ஒரு வார்த்தையைக்கூட அழகுபடுத்தக் கூடாது. சாட்சிக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறவன் சாட்சியைக் கெடுக்கிறவன்.

இரண்டாவது, காகிதம். பாஸ்போர்ட் இல்லாமல் யாரும் விமானம் ஏற முடியாது. பிறப்புப் பத்திரம் இல்லாதவர்களும், சிவப்பு அடையாள அட்டை வைத்துக்கொண்டே கிழடு தட்டியவர்களும் தோட்டங்களில் உண்டு. சிவப்பு அட்டைக்காரருக்கு மலேசியப் பாஸ்போர்ட் கிடைக்காது. அழைப்பு வந்த பிறகு இதற்கு அலைந்தால் வழக்கு முடிந்துவிடும். யாரிடம் என்ன காகிதம் இருக்கிறது என்று இப்போதே ஒரு பட்டியல் எடுக்க வேண்டும்.

மூன்றாவது, முன்பணம். உத்தியோகஸ்தர் வெளியூர் போனால் ரசீதைக் கொடுத்துப் பிறகு பணம் வாங்கிக்கொள்வார். அவரிடம் முன்னால் போடப் பணம் இருக்கிறது. பால்வெட்டுக்காரர் எதைப் போடுவார்? தாலியையா? ஆகவே நம் நிதி கிளம்புவதற்கு முன்பே கொடுக்கும். டிக்கெட், தங்குமிடம், சாப்பாடு, மொழிபெயர்ப்பாளர், வயதானவருக்குத் துணையாக ஒருவர், வேலை இழந்த நாட்களின் சம்பளம் ஆகிய இவ்வளவும் கணக்கில் சேரும். வீட்டில் இருப்பவர்களின் சாப்பாடும் சேரும். குளிர் நாடு என்றால் ஒரு கம்பளிச் சட்டையும் சேரும். சாட்சி பட்டினியோடு நின்று சொல்கிற வார்த்தையை எதிர்க்கட்சி வக்கீல் சுலபமாகக் குழப்பி விடுவான்.

நான்காவது, கணக்கு. “உன் டிக்கெட்டுக்கு யார் பணம் கொடுத்தது?” என்பது எதிர்க்கட்சி வக்கீல் கேட்கப் போகிற கேள்வி. நம் சாட்சி தலைநிமிர்ந்து பதில் சொல்ல வேண்டும். “என் சங்கத்தார் மாதம் ஒரு வெள்ளி போட்டார்கள். இதோ ரசீது” என்று சொல்ல வேண்டும். நியாயமான செலவையும் இழந்த சம்பளத்தையும் கொடுப்பது குற்றமில்லை. இப்படிச் சொன்னால் இவ்வளவு, ஜெயித்தால் இவ்வளவு என்று பேசுவதுதான் குற்றம். அந்த வாசனைகூட நம் கணக்கில் வரக் கூடாது. ஒவ்வொரு காசும் கிளைப் பலகையில் ஒட்டப்படும். கமிட்டிக்காரர் ஒருவரும் இந்தப் பணத்தில் ஒரு கோப்பி குடிக்க முடியாது.

ஐந்தாவது, வேலை. போகிற நாட்களுக்கு நிர்வாகத்திடம் எழுத்தில் விடுமுறை வாங்க வேண்டும். திரும்பி வந்து பார்த்தால் நிரையில் வேறொருவர் வெட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

அரசாங்கம் கொடுக்க வேண்டிய இடத்தில் அரசாங்கத்திடம் கேட்டுத்தான் வாங்குவோம். ஜெனீவாவில் நடக்கும் சர்வதேசத் தொழில் மாநாட்டுக்குப் போகிற தொழிலாளர் பிரதிநிதியின் பிரயாணத்தையும் தங்கும் செலவையும் அந்தந்த நாட்டு அரசாங்கமே ஏற்க வேண்டும் என்று அந்த ஸ்தாபனத்தின் சாசனம் 13 ஆம் விதியில் சொல்கிறது. அது தருமம் அல்ல, விதி. அப்படிப்பட்ட விதி நமக்கு உள்ள இடத்தில் விட்டுக்கொடுக்க மாட்டோம். விதி இல்லாத இடத்துக்குத்தான் இந்த ஒரு வெள்ளி.

கடைசியாக ஒன்று. சயாம் ரயில் பாதைக்கு நம் தோட்டங்களிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். 415 கிலோமீட்டர் பாதை. 1943 அக்டோபரில் வேலை முடிந்தது. வெள்ளைக்காரக் கைதிகளுக்குப் பெயர், நம்பர், கல்லறை இருக்கிறது. நம்மவர் எத்தனை பேர் மாண்டார்கள் என்று இன்றும் ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்கள். திரும்பி வந்தவர்கள் லயத்து வாசலில் உட்கார்ந்து பிள்ளைகளிடம் சொன்னார்கள். பிள்ளைகள் அழுதார்கள். யாரும் எழுதவில்லை. சொன்னவர்களும் போய்விட்டார்கள்.

இனி அப்படி ஆகக் கூடாது. நம்மில் ஒருவர் ஒன்றைக் கண்டால், அதைக் கேட்க வேண்டிய அம்பலம் ஈப்போவில் இருந்தாலும் சரி, லண்டனில் இருந்தாலும் சரி, அவர் அங்கே போய்ச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்து மறுநாள் பெரட்டில் நிற்க வேண்டும். அதற்கு மாதம் ஒரு வெள்ளி கேட்கிறோம். தீர்மானத்தை ஆதரித்துக் கை தூக்கும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

தொழிலாளர் ஒற்றுமை ஓங்குக!